சம்பளம் வாங்காதவர்

மாதத்தின் முதல் நாள் காலை, கரமனை வீட்டு வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் ஜெபசிங்கிடம் போய் ஸ்ரீப்ரியா கையை நீட்டினாள்.

“கார்டைத் தா.”

ஜெபசிங் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான். “அக்கா, இன்னைக்கு நெடுமங்காடு போணும். அங்கேருந்து வித்துரா. ரெண்டு கல்யாணம், ஒரு சாவு. வண்டி ரிசர்வுல கெடக்கு.”

“கெடக்கட்டும். தா.”

அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அது அவளுடைய சம்பளக் கணக்கின் ஏ.டி.எம். கார்டு. இரண்டரை வருஷத்துக்கு மேலாக அவன் பையில்தான் இருந்தது. தனக்கு ஒரு சேலை எடுக்க வேண்டுமென்றால்கூட அவள்தான் அவனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டரில் லேப் டெக்னீஷியனாக அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. விடியற்காலை ஐந்தரைக்கே ஸ்கூட்டரை எடுத்து, நடக்க முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வருவாள். அதற்குத் தனியாகக் கொஞ்சம் கிடைக்கும். இந்த இரண்டு வருமானத்தில்தான் வீட்டுக் கடனும் மகள் மீனுவின் படிப்பும் நடந்தன. போதாததற்கு எம்.எல்.ஏ. ஆபீசின் வாடகை, வண்டியின் டீசல், ஜெபசிங்கின் சம்பளம், வருகிறவர்களுக்குச் சாயா, கல்யாண வீட்டுக்குப் பரிசு, சாவு வீட்டுக்கு மாலை எல்லாமே இதிலிருந்துதான் போயின. அவளுடைய வளையல்கள் முதல் வருஷமே போய்விட்டன. நெக்லஸ் இரண்டாம் வருஷம் போனது.

அவளுடைய கணவர் தாணுமாலையன்தான் அந்த எம்.எல்.ஏ. வஞ்சியூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். எஸ்டேட் தொழிலாளர்களுக்காகப் பீஸ் வாங்காமல் வழக்காடியதால் மலைப்பக்கத்தில் நல்ல பேர். சுயேச்சையாக நின்று ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தார். ஜெயித்தது அந்த வழக்குகளால் அல்ல. ‘சம்பளம் வேண்டா, சேவனம் மதி’, அதாவது சம்பளம் வேண்டாம், சேவை போதும் என்று ஊரெங்கும் ஃபிளெக்ஸ் வைத்தாரே, அந்த நாலு மலையாள வார்த்தைகளால்தான். தன் வீட்டுக்கு இனிச் சம்பளம் வராது என்பதை ஸ்ரீப்ரியா தெரிந்துகொண்டதும் அந்த ஃபிளெக்சில்தான். ஸ்கூட்டரில் போகும்போது பேட்டை ஜங்ஷனில் படித்தாள்.

சொன்னபடியே செய்தார். சம்பளமும் படிகளும் கணக்கில் விழுந்த பிறகு, ஒவ்வொரு மாதமும் கடைசி வாரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, அந்தத் தொகை முழுவதற்கும் டயாலிசிஸ் நோயாளிகளின் உதவி நிதிக்குக் காசோலை கொடுத்தார். சானல்காரர்கள் வந்தார்கள். முப்பத்தொன்றாவது காசோலையை அவர் கொடுப்பதை முந்தின நாள் சாயங்காலம் டிவியில் பார்த்தாள். அதே நாள் மத்தியானம்தான் மீனுவின் காலேஜ் ஆபீசில் நின்று, பீஸ் கட்ட இன்னும் பத்து நாள் தவணை கேட்டுவிட்டு வந்திருந்தாள். அங்கே இருந்த கிளார்க் பக்கத்துச் சீட்டுக்காரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டான்: “எம்.எல்.ஏ.ன்றெ மோளுக்குப் பீஸ் இல்லையோ?”

கார்டை அவள் கைப்பையில் போடும்போது தாணுமாலையன் வெளியே வந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் பத்திரிகை.

“என்ன ப்ரியா, காலத்தே பஞ்சாயத்து?”

“இன்னைலேருந்து உங்க ஆபீசுக்கும் வண்டிக்கும் எங்கிட்டேருந்து ஒரு பைசா வராது. உங்களுக்கு கவர்மென்ட் சம்பளம் தாறாங்க. அத வீட்டுக்குக் கொண்டு வாங்க.”

“நான் ஜனங்ககிட்ட வாக்கு கொடுத்தவனாக்கும்.”

“நான் கொடுக்கலியே.”

அவர் ஜெபசிங்கைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார். “கேரளத்துல இப்பிடி ஒருத்தன் இல்லேன்னு எழுதுகான் பாரு. இதையெல்லாம் நீ கெடுத்துராத.”

“எழுதுகவனுக்கு டீசல் யாரு அடிக்கான்னு தெரியாதில்லா? சொல்லிக் குடுங்க. அதையும் எழுதட்டும்.”

“உனக்குப் பிரஷர் கூடிருக்கு. உன் லேபுலயே ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துக்கோ” என்று சொல்லிச் சிரித்தார். டிரைவரும் சிரிப்பான் என்று எதிர்பார்த்த சிரிப்பு அது. ஜெபசிங் குனிந்து டயரைத் துடைத்தான்.

*

அந்த மாதம்தான் எம்.எல்.ஏ.க்களின் சம்பளத்தைக் கூட்ட வேண்டுமென்று ஒரு கமிஷன் அறிக்கை கொடுத்த செய்தி வந்தது. ஊர் கொதித்தது. பஸ்ஸில், சாயாக்கடையில், லேபின் காத்திருப்பு நாற்காலிகளில் வேறு பேச்சே இல்லை. இரண்டு மாதமாகப் பென்ஷன் வராதவர்களும் மருந்து கிடைக்காதவர்களும் அரசாங்கத்தில் யாரையும் நேரில் பார்த்துத் திட்ட முடியாமல் ரத்தம் எடுக்கிறவளிடம் திட்டினார்கள்.

“இவன்மாருக்கு எதுக்குங்கேன் சம்பளம்?” என்றார் சாலைக் கம்போளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர், சட்டைக் கையைச் சுருட்டியபடி. “சபையில போய்க் கூவுகான். பத்து நிமிஷத்துல சபையப் பிரிச்சு விடுகான். கான்டீன்ல பிரியாணி தின்னுட்டுப் போறான். அதுக்குப் படி வேற. எல்லாரையும் சவிட்டி வெளிய தள்ளணும். ஒருத்தன் மட்டும் மனுஷன். நம்ம தாணுமாலையன் வக்கீல். காலணா தொடமாட்டாரு.”

அவள் ரப்பர் குழாயை அவர் கையில் இறுக்கிக் கட்டினாள். “அப்போ அவரு வீட்டுல அடுப்பு எப்பிடி எரியும்?”

“குடும்பச் சொத்து கெடக்குமாயிருக்கும்” என்றார் பெரியவர்.

அந்தக் குடும்பச் சொத்து ஊசியோடு எதிரே நிற்பது அவருக்குத் தெரியவில்லை. லேபில் யாரிடமும் அவள் தன் கணவர் யாரென்று சொல்லிக்கொள்வதில்லை. முன்பெல்லாம் அது கூச்சத்தால். இப்போது, சொன்னால் பாராட்டுவார்களே என்ற எரிச்சலால்.

வீட்டில் அவள் காத்திருந்தாள். வண்டி நின்று போகும், ஆபீஸ் வீட்டுக்காரன் சத்தம் போடுவான், மனுஷன் வழிக்கு வருவார் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. முதல் பத்து நாள் தாணுமாலையன் யார் யாருடைய வண்டியிலோ ஏறிப் போனார். அப்புறம் அவருடைய வண்டியே ஓட ஆரம்பித்தது. நாலு டயரும் புதிதாக மாறின. ஒரு வருஷமாக வேலை செய்யாத ஏ.சி. வேலை செய்தது. ஒரு சாயங்காலம் ஆபீஸ் பக்கமாகப் போனபோது, வருகிறவர்களுக்கு வெறும் சாயாவுக்குப் பதில் பழம்பொரியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் போடாமல் சம்பளத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார் என்று அவள் முடிவு செய்தாள். தோற்றதை ஒத்துக்கொள்ள ஆம்பிளைக்கு நாள் ஆகும், ஆகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த வாரம் அவருக்குப் பிடித்த புளிக்கறி இரண்டு நாள் வைத்தாள். மீனுகூடக் கேட்டாள், “எந்தாம்மா, அப்பாவோட சண்டை தீந்தாச்சா?”

அடுத்த வாரம் டிவியில் முப்பத்திரண்டாவது காசோலையைக் கொடுத்தார்.

சிரிக்கிற அந்த முகத்தை ஸ்ரீப்ரியா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வெளியே போய், வண்டியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்த ஜெபசிங்கின் கதவுப் பக்கம் நின்றாள்.

“டீசல் யாரு அடிக்கா?”

“அக்கா...”

“உன்னத்தான் கேக்கேன்.”

அவன் எஞ்சினை நிறுத்தினான். “நான் சொன்னேன்னு தெரியப்பிடாது. நெடுமங்காட்டுல ஒரு பம்ப் இருக்கு. அங்க போய் நின்னா மதி, அடிச்சுத் தருவான். ஸ்ரீகுமார் முதலாளியோட கணக்குல எழுதிக்கிடுவான். டயரும் அவருதான். என் சம்பளம் அவரோட மேனேஜர் கவர்ல வச்சுத் தந்தாரு. வாங்கச்சில கை கூசிச்சுக்கா. ஆனா முந்தின மாசச் சம்பளமே வராம இருந்துட்டேன். வீட்டுல ரெண்டு பிள்ளைகள் இருக்கில்லா.”

அந்தச் சம்பளம் நின்றது தன்னால் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கார்டைப் பிடுங்கிய கோபத்தில் இவனுடைய வீட்டை அவள் நினைக்கவே இல்லை.

“யாரு இந்த ஸ்ரீகுமார்?”

“கல்குவாரி வச்சிருக்காரு. வித்துராவுக்கு அந்தால, குன்னு மேல.”

*

அந்த ஞாயிற்றுக்கிழமை லிபி வந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி. எஸ்டேட் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, அந்தக் குன்றின் அடிவாரத்தில் நாலு சென்ட் வாங்கி வீடு கட்டித் தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவள். எஸ்டேட் வழக்கில் அவளுடைய அம்மாவின் கிராஜுவிட்டியை வாங்கிக் கொடுத்தது தாணுமாலையன்தான். அதனால் கேட்டைத் திறந்து உரிமையோடு உள்ளே வந்தாள். அவர் வீட்டில் இல்லை. நாலு பஸ் மாறி வந்தவளை அப்படியே அனுப்ப மனசில்லாமல் ஸ்ரீப்ரியா உட்காரச் சொன்னாள்.

“சாருகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போணும் சேச்சி” என்றாள் லிபி. போனை எடுத்துப் படங்களைக் காட்டினாள். சுவரில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். “குவாரியில வெடி வைக்கச்சில வீடு குலுங்குது. இப்போ அதுக்குப் பக்கத்துலயே கல்லுடைக்கிற கிரஷர் போடப் போறான். பதினேழு வீடு இருக்கு. நாங்க சாரைப் போய்ப் பாத்தோம். நியமசபையில நான் எழுப்புகேன், மந்திரியப் பதில் சொல்ல வைக்கேன்னு சாரு தேதியும் சொன்னாரு. நாங்க ஏழு பேர் பாஸ் எடுத்து, பார்வையாளர் காலரியில போய் உக்காந்தோம். எங்கம்மாவுக்கு மூட்டுவலி. அவங்களும் வந்தாங்க.”

“அப்புறம்?”

“சாரு பேர விளிச்சாங்க. சாரு எந்திரிச்சாரு. கிரஷரப் பத்தி ஒரு வார்த்தை இல்ல சேச்சி. சம்பளத்தக் கூட்டுகத எதுத்துப் பேசினாரு. மத்தவங்க எல்லாம் கூவினாங்க. டிவிக்காரங்க சாரத்தான் பிடிச்சாங்க. டைம் தீந்துபோச்சு, உக்காந்துட்டாரு. நாங்க சரி, மறந்துட்டாருன்னு வெளிய வந்து காத்து நின்னோம். எங்களப் பாத்துட்டு வேற வழியா வண்டியில ஏறிப் போயிட்டாரு.”

அந்தப் பேச்சை ஸ்ரீப்ரியாவும் கேட்டிருந்தாள். போனில் ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். மீனு தன் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். ‘மக்களின் வியர்வையில் நான் சம்பளம் உண்ணமாட்டேன்’ என்று அவர் கையை உயர்த்திய இடத்தில் யாரோ பின்னணி இசை சேர்த்திருந்தார்கள்.

“அந்தக் குவாரி யாரோடது?” என்று கேட்டாள், பதில் தெரிந்திருந்தும்.

“ஸ்ரீகுமாருன்னு ஒரு முதலாளி.”

லிபி போன பிறகு அவள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தாணுமாலையன் மூன்று மணிக்கு வந்தார். சாப்பிட்டாச்சு என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினார்.

“லிபி வந்திருந்தா. கிரஷரப் பத்தி ஏன் பேசலேன்னு கேட்டா.”

“அது பேசலாம். அடுத்த செஷன் இருக்கு.”

“ஸ்ரீகுமாரோட டீசல் தீந்த பொறவா?”

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். முகத்தில் வெட்கம் வரும் என்று அவள் பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது.

“ஜெபசிங்கா சொன்னான்?”

“யாரு சொன்னா என்ன? உள்ளதா இல்லியா?”

“நான் அவங்கிட்டேருந்து ஒத்த ரூபா கையில வாங்கல, கேட்டியா? அவன் பழக்கக்காரன். கோர்ட்டுல எங்கிட்ட கேஸ் கொடுத்தவன். வண்டி நிக்குதுன்னு கண்டான், டீசல் அடிச்சான். அம்புட்டுதான். நீ கார்டைப் பிடுங்கினதுக்கு நான் நடந்தா போவேன் வித்துராவுக்கு?”

“அப்போ என்னாலதானாக்கும்?”

“பின்ன?”

“சம்பளம் வாங்கியிருந்தா அவன் டீசல் எதுக்கு?”

“சம்பளம், சம்பளம்! இதே பேச்சு. உங்க அப்பா சீட்டுப் பிடிச்ச புத்தி ரத்தத்துல இருக்கு.”

அவள் எழுந்து நின்றாள். “எங்கப்பா பிடிச்ச சீட்டுல ஒருத்தனுக்கும் பைசா மொடங்கல. நான் ஒண்ணு சொல்லுகேன், கேட்டுக்கோங்க. ஜனங்க எல்லாரும் கூடித் தாற காசு உங்களுக்கு நாத்தமடிக்கு. பொண்டாட்டி ரத்தம் எடுத்துக் கொண்டு வந்த காசு நாத்தமடிக்கல. குவாரிக்காரன் காசும் நாத்தமடிக்கல. ஜனங்க காசு வாங்கினா மட்டும் அவங்களுக்குப் பதில் சொல்லணும். அதான் உங்களுக்குப் பயம்.”

“வாய மூடுடி.”

கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவர் அவளை ‘டி’ போட்டு அதட்டியது அதுதான் முதல் தடவை. அறைக் கதவைத் திறந்துகொண்டு மீனு வந்து நின்றாள். இருவரையும் பார்த்தாள். “அம்மா, ப்ளீஸ். ஒண்ணு நிறுத்துமோ?” என்றாள். அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னாள். அது ஸ்ரீப்ரியாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட வலித்தது.

*

முப்பத்துமூன்றாவது காசோலைக்கு விழாக் குழுவினர் ஒரு புது யோசனை செய்தார்கள். இந்தத் தடவை எம்.எல்.ஏ.வின் குடும்பத்தையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும். சம்பளச் சர்ச்சை சூடாக இருக்கிற நேரம், சானல்கள் எல்லாம் வரும். வழக்கமாக இதற்கெல்லாம் வராத ஸ்ரீப்ரியா, வருகிறேன் என்று சொன்னதும் தாணுமாலையன் சந்தேகப்படவில்லை. மனைவி இறங்கி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தார். அந்த அளவுக்குத்தான் அவர் அவளைத் தெரிந்து வைத்திருந்தார்.

நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். முன்வரிசையில் டயாலிசிஸ் நோயாளிகள், கையில் கட்டோடு. பின்னால் அறுநூறு பேர் இருக்கும். வலதுபக்க ஓரத்தில், ஸ்ரீப்ரியா டீசல் விஷயத்தைச் சொல்லி வரவழைத்திருந்த லிபியும் அவள் ஊர்க்காரர்களும் நின்றார்கள். காசோலையை ஆளுயர அட்டையில் அச்சடித்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கைதட்டல் ஓய்ந்த பிறகு பொன்னாடையை ஸ்ரீப்ரியாவின் தோளில் போட்டு, “சேச்சி ரெண்டு வாக்கு பேசணும்” என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

அவள் மலையாளத்தில்தான் பேசினாள். வார்த்தைகள் பல நாள் உள்ளே அடுக்கி வைத்ததுபோல் வரிசையாக வந்தன.

“என் கணவர் சம்பளம் வாங்க வேண்டும்” என்று ஆரம்பித்தாள்.

தமாஷ் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

“நான் லேபில் ரத்தம் எடுக்கிறவள். எடுத்தால் சம்பளம் தருகிறார்கள். தப்பாக எடுத்தால் கேள்வி கேட்கிறார்கள். எம்.எல்.ஏ. வேலையும் ஒரு வேலைதான். சரியாகச் செய்யாதவருக்கு எதுக்குச் சம்பளம் என்று நீங்கள் கேட்பது நியாயம். நானும் கேட்கிறேன். ஆனால் சம்பளமே வேண்டாம் என்பவரிடம் நீங்கள் கேள்வியே கேட்பதில்லை. இரண்டரை வருஷம் இவருடைய வண்டிக்கு டீசல் அடித்தது நான். என் நகையை விற்று அடித்தேன். இப்போது நான் அடிப்பதில்லை. இப்போது யார் அடிக்கிறார்கள் என்று...”

அதற்குள் ஆரம்பித்துவிட்டது. “பைசா போதாதோ?” என்று ஒருவன் கத்தினான். “நாணமில்லையோ?” என்று ஒரு பெண் குரல். “தாழெ எறங்கு!” கூச்சலில் மைக்கின் சத்தமே அமுங்கிப்போனது. குழுத் தலைவர் அவள் கையிலிருந்து மைக்கை வாங்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

“டீசல் அடிப்பது ஸ்ரீகுமாரின் கல்குவாரி! அதனால்தான் பதினேழு வீட்டைப் பற்றி இவர் சபையில் வாயைத் திறக்கவில்லை. இவரிடம் கேளுங்கள்!”

மைக்கை அணைத்துவிட்டார்கள். கடைசி வாக்கியம் முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டது. வலதுபக்க ஓரத்திலிருந்து லிபி நாற்காலி மேல் ஏறி, “கேளுங்க! அவங்க சொல்லுகது உள்ளது!” என்று கத்தினாள். யாரோ அவளைக் கீழே பிடித்து இழுத்தார்கள். தாணுமாலையன் இருந்த இடத்திலேயே இருந்தார். கையைக் கூப்பிக்கொண்டு, ரொம்பவும் வேதனைப்பட்ட ஒரு நல்ல மனிதரின் முகத்தோடு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவருக்காகக் கைதட்டியது.

ஸ்ரீப்ரியா பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினாள். வெளியே ஜெபசிங் வண்டிக் கதவைத் திறந்து நின்றான். “வேண்டாம்டே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

*

அதன் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது.

போன்களில் அந்தப் பேச்சின் முதல் வரி மட்டும் ஓடியது. ‘என் கணவர் சம்பளம் வாங்க வேண்டும்.’ அதற்குக் கீழே எவனோ ‘சம்பளப்ரியா’ என்று பேர் வைத்தான். பேர் ஒட்டிக்கொண்டது. டீசல், குவாரி, பதினேழு வீடு எதுவும் எவர் போனிலும் இல்லை. லேபில் சாம்பிள் கொடுக்க வந்தவர்கள் அவளை அடையாளம் கண்டு, வேறு ஆள் ரத்தம் எடுக்கட்டும் என்றார்கள். ஸ்கேன் சென்டர் முதலாளி அவளை ஒரு மாதம் உள்ளறையில் மெஷின் பக்கம் மாற்றிவிட்டார். மீனு நாலு நாள் காலேஜுக்குப் போகவில்லை. “எனக்கு நாணக்கேடா இருக்கும்மா” என்றாள். “நீங்க சொன்னது செரியாவே இருக்கட்டும். மேடையில சொல்லணுமா?”

“வீட்டுல சொன்னேன். நீ நிறுத்தச் சொன்ன” என்றாள் ஸ்ரீப்ரியா. அன்று ராத்திரி மீனு தன் இன்ஸ்டாகிராமிலிருந்து அப்பாவின் பேச்சை எடுத்துவிட்டாள்.

தாணுமாலையன் மறுநாளே துணிகளை எடுத்துக்கொண்டு பாளையத்தில் எம்.எல்.ஏ. ஹாஸ்டல் அறைக்குப் போய்விட்டார். வீடும் கடனும் அவள் பேரில் இருந்தன. போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்: “நீ என்ன செஞ்சேன்னு உனக்கே ஒரு நாள் தெரியும்.”

சம்பள உயர்வு மசோதா நிறைவேறியது. எதிர்த்துப் பேசியது அவர் ஒருவர்தான். அது மறுபடியும் எல்லாப் போனிலும் ஓடியது.

ஜெபசிங் வேலையை விட்டான். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டப் போவதாகச் சொல்ல வந்தான். வராமல் போன அந்த ஒரு மாதச் சம்பளத்தை அவள் அவனிடம் கொடுத்தாள். அவன் மறுத்தான். திரும்பத் திரும்பச் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டான். போவதற்கு முன் வித்துராவுக்கு ஒரு நாள் போய், எந்தெந்தத் தேதியில் எத்தனை லிட்டர் அடித்தான், யார் கணக்கில் அடித்தான் என்று லிபியின் ஊர்க்காரர்களுக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தான். அவர்கள் அதை வைத்துக்கொண்டு பம்பின் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். கிரஷருக்கு எதிராகக் கோர்ட்டுக்கும் போனார்கள். ஒரு சின்னப் பத்திரிகை மட்டும் எழுதியது. அது போதுமானதாக இருந்தது, ஸ்ரீகுமார் கையை உதறிக்கொள்வதற்கு. பம்பில் எம்.எல்.ஏ. வண்டிக்கு இனி அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மூன்று மாதத்தில் கிரஷருக்குக் கோர்ட் தடை கொடுத்தது. மறுவாரமே குன்றின் அடிவாரத்தில் ஃபிளெக்ஸ் எழுந்தது. ‘மலையைக் காத்த மக்கள் நாயகன்’ என்று தாணுமாலையன் கைகூப்பி நின்றார். லிபி படம் எடுத்து அனுப்பி, கீழே கெட்ட வார்த்தை ஒன்றும் எழுதியிருந்தாள்.

அந்த மாதம் காசோலை விழா நடக்கவில்லை. அடுத்த மாதமும் நடக்கவில்லை. யாரும் அறிவிப்பு கொடுக்கவில்லை. சானல்கள் கேட்கவும் இல்லை. ஒரு மத்தியானம் தாணுமாலையன் போன் செய்தார்.

“சம்பளத்த நான் எடுத்துக்கிடுகேன். சந்தோஷமா உனக்கு?”

“டிரைவர் வச்சிருக்கீங்களா?”

“வச்சிருக்கேன்.”

“மாசா மாசம் அவனுக்குக் குடுங்க” என்று சொல்லிப் போனை வைத்தாள். சந்தோஷமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. ஜெயித்த மாதிரியும் இல்லை. அவருக்கு வேறு வழி இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

அதற்கு ஒரு வாரம் கழித்து, ஞாயிறு காலையில், கேட்டை யாரோ தட்டினார்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் நின்றார். மெலிந்த உடம்பு, கறுத்துப்போன முகம், இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறாகத் தடித்திருந்தது. அவர் சொல்வதற்கு முன்பே யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“என் பேர் ராஜையன். கிழக்கேகோட்டையில எறங்கி விசாரிச்சு விசாரிச்சு வாறேன். அன்னைக்கு முன்வரிசையில இருந்தேன், மோளே. நீ பேசினது முழுசும் கேட்டேன்.”

“உள்ள வாங்க.”

“வேண்டா. நின்னே சொல்லுகேன்.” குரல் தடுமாறினாலும் கோபம் தடுமாறவில்லை. “வாரத்துக்கு மூணு தடவை எனக்கு ரத்தம் கழுவணும். அந்த நிதியிலேருந்து ஒரு தடவைக்கு ஆகுற பைசா வந்துட்டிருந்தது. இப்போ ரெண்டு மாசமா இல்ல. கேட்டா எம்.எல்.ஏ. குடும்பத்துல பிரச்சினைன்னு சொல்லுகாங்க. அவரு டீசல் யாரு அடிச்சா எனக்கென்ன? குவாரிக்காரன் அடிக்கட்டும், பிசாசு அடிக்கட்டும். எனக்கு வந்துட்டிருந்தத நீ மொடக்கிட்ட.”

ஸ்ரீப்ரியா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் பதில் இருந்தது. பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பதில்தான். “தாலுகா ஆஸ்பத்திரியில உங்க எல்லாருக்கும் சும்மா டயாலிசிஸ் கெடைக்க வைக்கணும். அதுக்குத்தான் எம்.எல்.ஏ. அதுக்குத்தான் சம்பளம். அத அவருகிட்டக் கேளுங்க. ஒரு எம்.எல்.ஏ. சம்பளத்துல இருபது பேருக்குத்தான் கொடுக்க முடிஞ்சுது. உங்க ஊர்ல நோயாளிங்க எத்தனை பேரு?”

“எழுபதுக்கு மேல இருக்கும்.”

“மத்த அம்பது பேரு?”

ராஜையன் அவளைப் பார்த்தார். அதை அவர் யோசித்திருக்கிறார் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. “நீ சொல்லுகது நியாயமாயிருக்கலாம். ஆஸ்பத்திரியில மெஷின் வாறதுக்கு எத்தன வருஷம்? அது வரைக்கும் நான் இருக்கணுமே.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் கேட்டின் தூணில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார்.

“கொஞ்சம் வெள்ளம் தா.”

அவள் உள்ளே ஓடிப் போய் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் இரண்டு மிடறு குடித்தார். நாக்கில் வைத்து மெதுவாக இறக்கினார். மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.

“எங்கள மாதிரி நோயாளிக்கு நாளுக்கு இவ்வளவு வெள்ளம்தான்னு கணக்கு” என்றார். “மிச்சக் கணக்கு திரும்பிப் போற வழிக்கு வேணும்.”

அவர் போய்ப் பஸ் ஸ்டாப்பில் உட்காரும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, தாலுகா ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் கேட்டு மனு எழுத எத்தனை பேருடைய கையெழுத்து வேண்டும் என்று லிபியிடம் கேட்பதற்காகப் போனை எடுத்தாள்.